கருங்குருணை: அடையாளம் மட்டுமல்ல, தடையும்கூட

மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய டாக்டர் கில், பாதம் வீங்கிப் புரையோடும் ஒரு நோயை 1842இல் பதிவு செய்தார். 1846இல் கோல்புரூக் அதை மதுரையின் பெயராலேயே குறிப்பிட்டார். ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டு, 1874இல் தனி நூலே வெளியிட்டார். கருங்குருணையை உண்டாக்கும் பூஞ்சையின் பேரினத்துக்கு 1905இல் பிரம்ப்ட் இட்ட பெயர் மதுரெல்லா. அந்நாளில் சிவகங்கையும் செட்டிநாட்டு ஊர்களும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. இராமநாதபுரம் ஜில்லா பிரிந்தது 1910இல்தான். முள்ளும் வறண்ட செம்மண்ணும் வெறுங்கால் உழைப்பும் சேர்ந்த இந்த மண்ணுக்கும் அந்தப் பெயரில் பங்குண்டு.

புரையிலிருந்து கருங்குருணை வந்தால் பூஞ்சை என்கிறோம். வெள்ளை, மஞ்சள், சிவப்புக் குருணை என்றால் ஆக்டினோமைசீட்டுகளையும் சேர்த்து ஐயுறுகிறோம். இந்தப் பிரிப்பு சிகிச்சையின் திசையையே முடிவு செய்வதால் அது அவசியம். ஆனால் நிறத்தைப் பார்த்து நோயைப் பிரித்ததோடு அந்த நிறத்தை மறந்துவிடுகிறோம். மருந்து ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கும் அந்தக் கருமையில் ஒரு பகுதி விடை இருக்கிறது.

அந்தக் கருமை மெலனின். பல பூஞ்சைகளில் அது உருவாகும் வழி இது: பாலிகீடைடு சிந்தேஸ் என்ற நொதி சிறு கார்பன் அலகுகளைக் கோத்து முதல் மூலக்கூறைக் கட்டுகிறது. அடுத்து ரிடக்டேசும் ஸ்கைட்டலோன் டீஹைட்ரட்டேசும் மாறிமாறி வேலை செய்து அதை 1,8-டைஹைட்ராக்சிநாப்தலீன் ஆக்குகின்றன. இறுதியில் லாக்கேஸ் போன்ற ஆக்சிஜனேற்ற நொதிகள் அவற்றைப் பிணைத்துக் கரையாத கரும்பொருளாக மாற்றுகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸில் இதற்கான ஆறு மரபணுக்கள் ஒரே கொத்தாக அமைந்துள்ளன. முதல் நொதியை இழந்த திரிபின் வித்துகள் வெளுத்துப்போகின்றன. சுண்டெலிகளில் அதன் நோயுண்டாக்கும் திறனும் குறைகிறது.

கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸின் வழி வேறு. அதன் லாக்கேஸ் செம்பு அணுக்களைக் கொண்ட நொதி. டோபமின் போன்ற பொருள்களை வெளியிலிருந்து பெற்று அது மெலனின் ஆக்குகிறது. பேயெள்ளு வித்து அகாரில் அதன் குடியிருப்புகள் பழுப்பேறுவதும் இந்த நொதியால்தான். ஆய்வகத்தில் அன்றாடம் நாம் பார்க்கும் அந்தப் பழுப்பு, நோயாளியின் உடலில் பூஞ்சையின் தற்காப்பாகவும் வேலை செய்கிறது. வெள்ளணுக்கள் வீசும் ஆக்சிஜனேற்றிகளை மெலனின் உறிஞ்சிக்கொள்கிறது.

மதுரெல்லா மைசிட்டோமேட்டிஸைப் பற்றி 2007இல் வெளிவந்த ஆய்வை நம் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அப்பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மெலனினைச் சோதனைக் குழியில் சேர்த்தபோது, அதன் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான இட்ராகோனசோல் அளவு 16 மடங்கும் கீட்டோகோனசோல் அளவு 32 மடங்கும் உயர்ந்தன. ஆம்ஃபோடெரிசின் பி, ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் ஆகியவற்றில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. இது ஆய்வகக் கண்டுபிடிப்பு. இதை மட்டும் வைத்து மருந்தை மாற்றக் கூடாது. ஆனாலும் நமக்கு நெடுநாள் பழக்கமான இரு மருந்துகளே இதில் அகப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ப்பூடகத்தில் மருந்துக்குக் கட்டுப்படும் பூஞ்சை, திசுவுக்குள் கெட்டிப்பட்ட குருணையாக இருக்கையில் அப்படியே கட்டுப்படும் என்று கருத இடமில்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் குணமாகாதவரை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று முடிவு கட்டுமுன் இதை நினைவில் கொள்வோம்.

நொதியைத் தடுத்து நிறமியை நிறுத்தும் உத்தி நெல் வயலுக்குப் புதிதல்ல. குலை நோய்ப் பூஞ்சை, இலையைத் துளைக்க உருவாக்கும் ஒட்டுறுப்பில் சுமார் 80 வளிமண்டல அழுத்தத்தைத் திரட்டுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது மெலனின் அடுக்கு. 1970களிலிருந்து பயன்பாட்டில் உள்ள டிரைசைக்லசோல், ரிடக்டேசைத் தடுத்து அந்த அடுக்கைக் குலைக்கிறது. பூஞ்சை சாவதில்லை, நுழைய முடியாமல் நின்றுவிடுகிறது. டீஹைட்ரட்டேசைத் தடுக்கும் கார்ப்ரோபமிட் என்ற மருந்துக்கோ, ஜப்பானில் 2001இலேயே எதிர்ப்பு தோன்றியது. நொதியின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

டிரைசைக்லசோல் மனிதருக்கான மருந்தல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வேளாண் பூஞ்சையியல் நமக்குத் தரும் பாடங்கள் இரண்டு. நிறமி நொதிகள் மருந்துக்கு உகந்த இலக்குகள் என்பது ஒன்று. நொதியைத் தடுத்தால் புதிய மெலனின் உருவாவது மட்டுமே நிற்கும், ஏற்கெனவே படிந்தது கரையாது என்பது மற்றொன்று. இலையைத் துளைக்குமுன் தடுக்கலாம் என்பதால்தான் அது வயலில் பலிக்கிறது. பத்தாண்டு முற்றிய பாதத்தில் அப்படியே பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே இத்தகைய மருந்து வந்தாலும் வராவிட்டாலும், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்கு மாற்று இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2022இல் வெளியிட்ட பூஞ்சை முன்னுரிமைப் பட்டியலில் பூஞ்சை மைசிட்டோமாவின் காரணிகளை உயர் முன்னுரிமைப் பிரிவில் வைத்தது. சூடானில் நடந்த மருத்துவ ஆய்வு, வாரம் ஒருமுறை தரும் ஃபோஸ்ராவுகோனசோலை நாள்தோறும் தரும் இட்ராகோனசோலோடு ஒப்பிட்டது. இரு பிரிவுகளிலும் மருந்தோடு அறுவையும் இருந்தது. புதிய மருந்து மேலானது என்று நிறுவப்படவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை என்பது ஏழை நோயாளிக்குச் சிறிய ஆறுதல் அல்ல. இரண்டுமே பூஞ்சையின் எர்கோஸ்டெரால் ஆக்கத்தைத் தாக்குபவை. நிறமியைக் குறிவைக்கும் மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை.

நாம் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. புரை வாயிலிருந்து ஒழுகும் நீரைப் பஞ்சில் ஒற்றி அனுப்பாமல், ஆழத்திலிருந்து திசு எடுத்து அனுப்புவோம். குருணையின் நிறம், அளவு, கெட்டித்தன்மை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவோம். நிறம் மங்கலான குருணைக்கு ஃபோன்டானா-மேசன் சாயம் உதவும். மதுரெல்லா மெதுவாக வளரும். வளர்ப்பில் பெரும்பாலும் வித்து தராது. எனவே டி.என்.ஏ. வரிசையறிதல் வழியே இனத்தை உறுதி செய்வோம். கிடைத்த ஒவ்வொரு திரிபையும் எறியாமல் காப்போம்.

இதற்கான கருவிகளும் அறிவும் இப்பகுதியிலேயே இருக்கின்றன. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிகள் வருகிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைகள் உள்ளன. செம்பு நொதியான லாக்கேஸின் மின்வேதியியலை அளக்க, அதே ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. நெல் நோயியலாளர்களும் தொலைவில் இல்லை. இவர்களை ஒரு மேசையில் அமர்த்தும் முயற்சியை நம் வாசகர்களில் ஒருவர் தொடங்க வேண்டும்.

வலியில்லாத வீக்கம் என்பதால்தான் உழவரும் விறகு வெட்டுபவரும் ஆடு மேய்ப்பவரும் காலம் தாழ்த்தி வருகிறார்கள். முள் தைத்த இடத்தில் வலியற்ற கட்டி என்று ஒருவர் சொன்னால், களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அன்றே திசு எடுங்கள்.