போட்டோ எடிட்டிங்: டப்பா மானிட்டரா, தட்டை மானிட்டரா?

போட்டோ எடிட் பண்றவங்க மத்தியில இன்னமும் ஒரு கோஷ்டி இருக்கு. "என்ன இருந்தாலும் டியூப் மானிட்டர் கலர் வராதுப்பா"ன்னு பெருமூச்சு விடுற கோஷ்டி. பழைய சோனி டிரினிட்ரான் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா அள்ளிட்டு வரலாமான்னு யோசிக்கிறவங்களும் உண்டு. என் கட்சி, வேண்டவே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அவங்க பக்க நியாயம். 2000களின் தொடக்கத்துல அவங்க சொன்னது சரிதான். அப்போ சல்லிசா வந்த எல்சிடி பெரும்பாலும் டிஎன் வகை. ஒரு நிறத்துக்கு 6 பிட், அதாவது 64 படிகள். மூணையும் பெருக்கினா மொத்தம் 2,62,144 நிறம். மீதியை மினுக்கி மினுக்கி ஒப்பேத்தும். தலையைக் கொஞ்சம் ஏத்தி இறக்கினா படம் வெளுக்கும், இல்லேன்னா கருகும். நம்ம மாதிரி மாநிற முகத்துல கன்னத்து நிழல் எங்க முடியுது, முடி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. டியூப்ல இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வேடிக்கை. இன்னிக்கு வலைப்பக்கம் எல்லாம் நம்பியிருக்கிற எஸ்ஆர்ஜிபி, 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வெச்சது. டியூப் மானிட்டர் நிறம் காட்டுற விதத்தை வெச்சுத்தான் அதை வகுத்தாங்க. ஆக, இப்போதைய எல்சிடி எல்லாம் டியூப் மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கு :-)

அப்புறம் ஏன் வேண்டாம்? டியூப்புக்கு வயசாகும். பாஸ்பர் தேயும், வெளிச்சம் குறையும். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஒரே அளவுல தேயாது, நிறம் ஒரு பக்கம் சாயும். ஆன் பண்ணி அரைமணி நேரமாவது சூடாகணும். டிரினிட்ரான்ல ராஜான்னு கொண்டாடுற 24 இஞ்ச் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 சுமார் 42 கிலோ! ரிப்பேர்னா ஆளைத் தேடி ஊரைச் சுத்தணும்.

இந்தப் பக்கம், 1996ல ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் இன்னிக்கு சாதா விலை மானிட்டர்லயே இருக்கு. பக்கவாட்டுல பாத்தாலும் நிறம் பெருசா மாறாது. கறுப்பு மட்டும் டியூப் அளவுக்கு ஆழமில்லை, ஒத்துக்கறேன். ஆனா பிரிண்ட் போட்ட காகிதத்துல கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைச்சல்தானே?

என்னைக் கேட்டா உண்மையான வில்லன் வெளிச்சம். பிரிண்டுக்காக எடிட் பண்ண 80லிருந்து 120 கேண்டெலா (சதுர மீட்டருக்கு) போதும். டியூப் இயல்பாவே ஏறக்குறைய அந்த அளவுலதான் இருந்துச்சு. தட்டை மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே 250, 300ன்னு கண்ணைக் கூசும். அந்த வெளிச்சத்துல கல்யாணப் போட்டோவை எடிட் பண்ணி அனுப்பினா, ஆல்பத்துல பொண்ணோட அப்பா முகம் இருண்டு போய் நிக்கும். திட்டு லேப்காரருக்கு. "டியூப் கலரே தனி"ங்கிறவங்கள்ல பாதிப்பேர் தேடுறது அந்த அடக்கமான வெளிச்சத்தைத்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால ஐபிஎஸ் வாங்குங்க, 8 பிட்டான்னு பாத்து வாங்குங்க. வெளிச்சத்தை இறக்குங்க, கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வின்ல வைங்க. ஜன்னல் வெயில் திரையில விழாம பாத்துக்கங்க. மிச்சப்படுற காசுல நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கேலிபரேட்டர் வாங்கி மாசம் ஒரு தடவை சுத்துல விடுங்க. டிரினிட்ரான் ஆசை அடங்கலைன்னா பழைய வீடியோ கேம் ஆட ஒண்ணு வாங்கிக்கங்க. அடுத்தவங்க கல்யாண ஆல்பத்துல அதை வெச்சு விளையாட வேண்டாம்.