முட்டிக்குப் போகிற பவுடர்

முட்டி வலி இல்லாத எழுபது வயதுக்காரரை நம் வீரசோழன் பக்கம் பார்ப்பது அரிது. அதனால்தான் கொலாஜன் பவுடர் இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. போனில் வருகிற விளம்பரத்தில், குடித்த பவுடர் தங்க நிறத்தில் நேரே இறங்கி முட்டியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அது படம், விளக்கம் அல்ல.

பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் வோக்கான்சோனின் வாத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அவர் பாரிசில் காட்டிய இயந்திர வாத்து தானியம் தின்றது, எச்சமும் போட்டது. ஜீரணத்தையே இயந்திரத்தில் செய்துவிட்டார் என்று வியந்தார்கள். எச்சம் முன்னமே தனி அறையில் அடைத்து வைத்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் வெளிவந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதும் சரியாக இருந்தால், நடுவில் நடப்பது புரிந்துவிட்டது என்று ஆகிவிடுமா?

கொலாஜன் என்பது தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கிற புரதம். அது மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-55இல் மாதிரி உரு கட்டிக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இங்கிலாந்தில் கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள்: சில அணுக்கள் இடித்துக்கொள்கிற அளவுக்கு நெருங்கி நிற்கின்றனவாம். ராமச்சந்திரன் விடவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைப் புரட்டிக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான், ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பும், எதில் திரும்பாது என்று அது சொல்லும். புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தால் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். இன்ன இடத்தில் தப்பு என்று எதிராளி விரல் வைக்க முடிந்ததால்தான் அந்த மாதிரி உருவுக்கு மதிப்பு.

அந்த மூவிழைக் கயிறு நம் ஆட்டுக்கால் சூப்பையும் விளக்கிவிடுகிறது. கொதிக்கக் கொதிக்க இழைகள் பிரிந்து கரைகின்றன, ஆறினால் கட்டிக்கொள்கிறது.

கடைப் பவுடரோ முன்னமே பிரித்து நறுக்கியது. வயிறும் குடலும் அதை இன்னும் சிறிதாக நறுக்கும். பிறகு அது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். ‘பெறுநர்: முட்டி’ என்று விலாசம் எழுதியா அனுப்ப முடியும்? பயன் உண்டா என்பது வேறு கேள்வி. பலருக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். வலி குறைந்தது என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. அந்தப் படம் அதற்குச் சாட்சியாகாது என்கிறேன், அவ்வளவுதான்.

ஆட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் நம்முடையது. பென்ஷன் பணத்தை நீட்டுமுன், வயிற்றுக்கும் முட்டிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். நான் கேட்டபோது, “டப்பாவிலேயே படம் போட்டிருக்கே சார்” என்றார்.