சங்கிலி பொறுமை ஆகுமா?

கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் கண்டால் மருந்து வாங்குகிறோம். மனம் முறிந்தால் மட்டும் என்ன செய்கிறோம்? மறைக்கிறோம், மந்திரிக்கிறோம், அதுவும் பலிக்காவிடில், 'ஈமான் பலவீனம்' என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு நீதியன்று, மார்க்கமுமன்று. இதனை வன்மையாகக் கண்டிக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அண்மையில் திருத்தணி சென்றிருந்தோம். ஒரே கடைவாசலில் தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் எல்லையூர் அது. நமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் ஒரு சகோதரியைக் கண்டோம். சிறுமியாக இருந்தபோது குடிசை தீப்பற்றி, உடன் உறங்கிய தங்கையை இழந்தவர். இன்றும் அடுப்புப் பற்றும் ஓசை கேட்டால் உடல் நடுங்க மூலையில் ஒடுங்கிவிடுகிறார். இரவில் உறக்கமில்லை. வீட்டார் அவரைப் பல ஊர்களுக்கு அழைத்துச் சென்றுள்ளனர். கழுத்தில் மூன்று தாயத்துகள் தொங்கின. 'அன்றைய நாள் பற்றி அவரிடம் எவரேனும் பேசியதுண்டா?' என்று அவருடைய அண்ணனைக் கேட்டோம்.

"அதெல்லாம் முப்பது வருஷத்துக் கதை, பாய். ஏன் கிளறணும்? சபூர் செய்தால் சரியாகிவிடும்" என்றார் அவர்.

அன்புள்ளம் கொண்ட அண்ணன்தான். தங்கைக்காக நிலத்தை விற்றவர். ஆயினும் அவர் சொன்னது தவறு. அவருக்கு அது முப்பதாண்டுக் கதை. அந்தச் சகோதரிக்கோ ஒவ்வோர் இரவும் அதே இரவு. பேரதிர்ச்சியின் தன்மையே இதுதான். ஏனைய நினைவுகள் நாளடைவில் பழையனவாகின்றன. இந்நினைவோ ஓர் ஓசையிலும் ஒரு வாடையிலும் இப்போதே நடப்பதுபோல் திரும்பி வருகிறது. மனம் அதைவிட்டு ஒதுங்க ஒதுங்க அச்சம் வளர்கிறது. போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் இதனை நெடுங்காலமாகக் கண்டுவந்த மருத்துவ உலகம், 1980-இல் இதைத் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. நோயென்று ஆனபின் அதற்குச் சிகிச்சையும் உண்டு. பயிற்சி பெற்றவரின் துணையோடு, அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக அணுகிப் பேசிப் பழகும் முறை பலருக்குக் குணமளித்துள்ளது. தேவையெனில் மருந்தும் உதவுகிறது.

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று எவர் சொன்னார்? அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திருமறை காட்டும் யஃகூப் நபி (அலை) அவர்கள், மகன் யூசுஃபை எண்ணி அழுதழுது கண்பார்வை இழந்தார்கள் என்பதும் அதே திருமறை கூறும் செய்தியன்றோ? அவர்களது ஈமான் குறைந்துவிட்டது என்று சொல்லும் துணிவு எவருக்கு உண்டு? அன்னை கதீஜாவும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களது வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. துயரம் இறைமறுப்பு அன்று.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி, உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார்; அச்சத்துக்கும் துயருக்கும் மருத்துவம் உண்டென்றார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கென்றே தனிப் பகுதி இருந்தது. அத்தகைய மரபின் வழிவந்த நாம் எங்கே வந்து நின்றோம்?

ஏர்வாடியில் வந்து நின்றோம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நாடி வந்த மனநோயாளர்களை வைத்திருந்த தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். முஸ்லிம்களும் பிற சமயத்தாரும் கொண்டுவந்து விட்டுச் சென்ற பிள்ளைகள் அவர்கள். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடை செய்துள்ளது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுக்கும். 'வெளியே சொல்லாதே, மானம் போகும்' என்னும் சங்கிலியை யார் அறுப்பது?

'தர்காவில் ஆறுதல் கிடைக்கிறதே' என்பாரும் உளர். கிடைக்கட்டும், துஆவை நாம் தடுக்கவில்லை. துஆ கேட்ட கையாலேயே மருந்தையும் வாங்குங்கள் என்கிறோம். ஏர்வாடியிலேயே பின்னாளில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு வழி செய்தது. இரண்டும் பகையல்ல.

திருத்தணி போன்ற எல்லையூர்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 1960 ஏப்ரல் 1-இல் அவ்வூர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநிலத்தின் எல்லையைக் கோடு போட்டு முடிக்கலாம். மொழியின் எல்லையை அவ்வாறு முடிக்க இயலாது. வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர், உள்ளத்து வலியை எம்மொழியில் சொல்வார்? அழும்போது வரும் மொழியில்தான் சொல்வார். ஆகவே அம்மொழி அறிந்த மருத்துவரைத் தேடிக் கொடுப்பதும் சிகிச்சையின் பகுதியே. 2022 முதல் இயங்கும் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண், இந்திய மொழிகள் பலவற்றில் இரவும் பகலும் மனநல ஆலோசனை தருகிறது. எத்தனை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் இந்த எண் எழுதப்பட்டுள்ளது?

ஆலிம் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள்: ஆண்டில் ஒரு ஜும்ஆவிலேனும் இதுபற்றிப் பேசுங்கள். குடும்பத்தாருக்கு: காயம்பட்டவரை வற்புறுத்திக் கிளறாதீர்கள், வாயையும் அடைக்காதீர்கள். 'சொல்ல விரும்பும்போது சொல். நாங்கள் இருக்கிறோம்' என்பது போதும். பிறகு மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.

திருத்தணியிலிருந்து விடைபெறும்போது அந்த அண்ணனிடம் 14416-ஐ எழுதிக் கொடுத்தோம். அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சகோதரி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அச்சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்து கிழிந்துபோனால், அதற்கும் நாளை இறைவன் முன் நாமனைவரும் பதில் சொல்லியாக வேண்டும்.