சரிவில் ஒரு மேசை

டிசம்பர் கடைசி வாரத்தில் திருவனந்தபுரத்துக்காரர்கள் 'குளிர்' என்று சொல்வதைக் கேட்டால் டெல்லிவாசிகள் சிரிப்பார்கள். விடியற்காலையில்கூட வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் விடுமுறை நிஜம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸ் லீவு. பெங்களூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பும் நாட்கள். தம்பானூரில் சபரிமலை பக்தர்களின் கறுப்பு வேட்டிகளுக்கு நடுவே சக்கரம் வைத்த பெட்டிகள் உருள்கின்றன.

வருஷம் முழுக்க வாட்ஸ்அப்பில் அரட்டை அடித்த நண்பர்கள் நேரில் சந்திக்க இடம் தேடி அலைவதில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது இந்தியன் காபி ஹவுஸ்: லாரி பேக்கர் வடிவமைத்த, சுருள் சுருளாக மேலேறும் செந்நிறக் கட்டடம். மாடிப்படி கிடையாது. ஒரே சரிவு, சுற்றிச் சுற்றி உயர்கிறது. மேசையும் பெஞ்சும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டப்பட்டவை, நகர்த்த முடியாது. சுவரின் துளைகள் வழியே வெளிச்சம், காற்று, பஸ் ஹாரன் எல்லாம் உள்ளே வருகின்றன. ஒரு மேசைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட வழியில்லை. இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பேக்கர் இதை யோசித்துத்தான் செய்தாரோ என்னவோ, நட்புக்கு இது நல்ல சோதனை.

பேச்சு என்ன பெரிய பேச்சு? மசால் தோசைக்குள் பீட்ரூட் எட்டிப் பார்ப்பது பற்றி வெளியூர் விருந்தாளியின் அதிர்ச்சி. திரைப்பட விழாவில் டிக்கெட் கிடைக்காத கதை. டிசம்பரில் விமானக் கட்டணம் ஏறும் அநியாயம். இரண்டாவது காபி வந்த பிறகுதான் மற்றவை வெளியே வருகின்றன. அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. அம்மா தனியாக இருக்கும் வீட்டை விற்பதா, பூட்டிவைப்பதா? வேலை போய் மூன்று மாதம் ஆகிறது, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. செல்போனில் இதற்கெல்லாம் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவனிடம் அது நடக்காது.

வேலை போன கதை இந்தக் காபி ஹவுஸுக்கும் புதிதல்ல. காபி விற்பனையைப் பெருக்க 1936-ல் பம்பாயில் முதல் கடை திறந்தது. பிறகு காபி வாரியத்தின் கைக்கு வந்த கடைகள் ஐம்பதுகளின் நடுவில் மூடப்பட்டன. ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைகளை நாமே நடத்துவோம் என்ற முடிவுக்குப் பின்னால் நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957-ல் பெங்களூரில் முதல் ஊழியர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1958-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. அந்தப் போராட்டத்தில் முன்னின்ற என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை பிற்பாடு அதன் வரலாற்றை மலையாளத்தில் புத்தகமாகவே எழுதினார். விசிறித் தலைப்பாகையோடு சரிவில் தட்டேந்தி ஏறி வருகிறவர் எந்த முதலாளியின் ஆளும் அல்ல. கடைக்கு உரிமை ஊழியர் சங்கத்துக்கே.

இந்த ஊரில் பேசத் தெரிந்தவர்களில் தமிழர்களும் உண்டு. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன் (1934–2021) அந்தத் தெருவின் சுமைகூலிகளையும் தரகர்களையும் கதைகளாக்கியவர். அவரைப் பார்க்க வந்த எழுத்தாளர்களுக்குக் கடைதான் வரவேற்பறை. கவடியாரில் நகுலனைத் தேடிப் போனவர்கள் அந்தச் சந்திப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பேக்கர் காலமான அதே 2007-ல் நகுலனும் மறைந்தார்.

மணி ஏழு. சரிவின் கீழ்முனையில் ஒரு குடும்பம், கேக் பெட்டியும் பைகளுமாக, மேசை காலியாகக் காத்து நிற்கிறது. மேலே நாலு பேரும் பில்லுக்காகக் கையை நீட்டுகிறார்கள். வேலை போனவர்தான் பிடிவாதமாக நீட்டுகிறார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, சரி, இந்தத் தடவை நீயே கொடு என்று விட்டுவிடுகிறார்கள்.