துவக்குக்குப் பூட்டு எங்கே?

இரப்பர் மரத்தில் பால் வெட்டுவோர் பொழுது புலர்வதற்கு முன்பே மலையேறியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களில், கையில் சிறு விளக்கோடு இருட்டிலே ஒற்றையடிப் பாதையில் நடக்கும் ஆண்களும் பெண்களும் இன்றும் உளர். இரண்டு மணி நேரம் கழித்து அதே பாதையில் அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர். இரவிலே அதே பாதையில் காட்டுப்பன்றி வருகின்றது. பன்றி வரும் பாதையிலேதான் கட்டுத்துவக்கு கட்டப்படுகின்றது.

கட்டுத்துவக்கை அறியாத நகரத்து வாசகருக்காகச் சில சொற்கள். நீர்க்குழாய் ஒன்றைத் துண்டித்துக் குழலாக்கி, மரக்கட்டையிற் பொருத்தி, வெடிமருந்தும் ஈயக் குண்டுகளும் இடித்து நிரப்பி, கவர்க்கோல்களின்மேல் கிடத்திவிடுவர். விசையிலிருந்து மெல்லிய கம்பியொன்று பாதைக்குக் குறுக்கே ஓடும். கட்டியவன் வீட்டிலே உறங்குவான். யாரைச் சுடுவது என்பதைக் கம்பி முடிவு செய்யும். சிங்களத்திலும் இதற்குப் ‘பெந்தி துவக்கு’ என்றே பெயர். கட்டி வைத்த துவக்கு என்பதே அதன் பொருளும். பன்றியின் மார்புக்கு வைத்த குறி, வளர்ந்த மனிதனுக்கு முழங்காலை அண்டி வரும். இக்காயத்தாற் காலை இழந்தோர் நம் நாட்டு அறுவை மருத்துவர்களுக்குப் புதியவரல்லர். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அதே உயரம் இடுப்பும் வயிறும் ஆகும். விடியுமுன் சென்று விசையைத் தளர்த்தவேண்டும் என்பது கட்டுபவர் தமக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. மழை பெய்த காலையிலும், முதல்நாள் இரவு கள் மிகுந்துபோன காலையிலும் அந்த ஒழுங்கு என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இது சட்டத்துக்குப் புறம்பான செயல். சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அச்சட்டம் 1996இல் திருத்தவும் பட்டது. நூறாண்டைக் கடந்த சட்டம் ஏட்டிலே இருக்க, இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை, இறக்குவானை வரையிலும் பன்றி திரியும் இடமெங்கும் கம்பியும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

உழவர்மீது மட்டும் பழி சுமத்த நாம் இதனை எழுதவில்லை. ஆறு மாதம் காத்த மரவள்ளியை ஓரிரவிலே பன்றிக்கூட்டம் கிளறிவிட்டுப் போன காலையில் அத்தோட்டத்தின் வரப்பில் நின்றவனுக்கே அந்த வயிற்றெரிச்சல் தெரியும். குரங்கு தேங்காயைப் பறிக்கின்றது. முள்ளம்பன்றி கிழங்கை அகழ்கின்றது. பயிரைக் காக்க உரிமம் பெற்ற துவக்கு ஒன்றை வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் அத்துவக்கு பகலில் எங்கே கிடக்கின்றது என்பதே நம் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்து வீடொன்றில் தேநீர் அருந்தும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. பேச்சு பன்றியைப் பற்றித் திரும்பவே, அவ்வீட்டுச் சிறுவன், எட்டு வயதுக்கு மேலிராது, உள்ளே ஓடி நெற்பெட்டிக்குப் பின்னாலிருந்து துவக்கை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். தோட்டாக்கள் பிஸ்கட் தகரத்தில் இருப்பதையும் அவனே சொன்னான். தகப்பனார் சிரித்தார். அவர் கெட்டவரல்லர், தம் மகனைத் தம் உயிரினும் மேலாக நேசிப்பவர். துவக்கு எங்கிருக்கின்றது என்பது பிள்ளைக்குத் தெரியாது என்று நம்புகின்ற தகப்பனைவிட இவர் ஒருபடி மேல், உண்மையையாவது அறிந்திருந்தார். ஆயினும் அன்று அத்தேநீர் எமக்கு இறங்கவில்லை.

இடியன் துவக்கின் நிலை இதனினும் மோசமானது. தோட்டாத் துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்துவிடலாம். இடியனிலோ வாய்வழியாக மருந்தை இடித்து ஏற்றிவிட்டால் சுட்டுத் தீர்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை. பன்றி வராத இரவு கழிந்த பின், ஏற்றிய மருந்தோடு அது அப்படியே சுவரில் தொங்கும்; அடுத்த இரவு வரைக்கும், சிலவேளை அடுத்த மாதம் வரைக்கும்.

வீட்டுத் துவக்கு இளையோர் கைக்கு எவ்வளவு விரைவிற் போய்ச் சேரும் என்பதைக் கேகாலை மாவட்டத்துக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சி மிகக் கடுமையாக மூண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. வீடுகளிற் புகுந்து பறித்த வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே கிளர்ந்தெழுந்தோரின் படைக்கலங்கள். அவர்களிற் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதைக் கடவாதவர்.

துவக்கு மலிந்த அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 2020ஆம் ஆண்டு முதல் ஒரு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோரின் சாவுக்கு முதற் காரணம் சுடுகலனே. வீதி விபத்துகூட அதற்குப் பின்னால்தான். அந்நாட்டிலேயே 1989இல் புளோரிடா மாநிலம், பிள்ளை கைக்கு எட்டும்படி ஏற்றிய துவக்கை விட்டுவைத்த வளர்ந்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை முதன்முதல் இயற்றியது. மிச்சிகன் மாநிலத்தில் 2021 நவம்பரில் பள்ளி மாணவன் ஒருவன் உடன் பயின்ற நால்வரைச் சுட்டுக் கொன்றான். 2024இல் அவனுடைய தாயும் தந்தையும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டுச் சிறை சென்றனர். துவக்கை உரிமையென்று போற்றும் நாடே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. துவக்கைத் தேவைக்கு மட்டும் வழங்கும் நாம் ஏன் இன்னும் தயங்கவேண்டும்?

இனி நம்மவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிறரைக் கண்டிக்கும்போது ஓங்கும் குரல் நம் லயத்துக்குள் வந்ததும் தாழ்ந்துவிடக் கூடாதன்றோ?

பயிர்காப்புத் துவக்குக்கு உரிமம் கேட்பவன் காணியைக் காட்டவேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. இத்தனை கை மாறியும் லயக் காம்பராவில் குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர்க்குக் காணியுறுதி வந்து சேரவில்லை. லயத்தோரம் கோவாவும் மரவள்ளியும் போடும் தொழிலாளி உரிமம் கேட்டுச் செல்ல முடியாது. அவன் நாடுவது சுருக்குக் கம்பி. இல்லையேல் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வெடி. மருந்தையும் கல்லையும் உருட்டி, பூசணியிலோ மீனிலோ பொதிந்து போடுவர். கடித்ததும் தாடை சிதறும். வாய் சிதைந்த யானைக்கன்றுகள் பட்டினியால் மெல்ல மெல்லச் சாவதை நாடே கண்டிருக்கின்றது. அந்த உருண்டையைக் கண்டெடுக்கும் பிள்ளைக்கு அது பந்து, அல்லது தின்பண்டம். 2020 ஜூனில் தமிழகத்தில், திருச்சி மாவட்டம் தொட்டியத்துக்கு அருகே, மீன்பிடிக்க வைத்திருந்த வெடியைத் தின்பண்டம் என்றெண்ணிக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் மாண்டான். அங்கே அதனை வைத்தவர் பகைவரல்லர். இங்கே வைப்பவரும் பகைவரல்லர்.

சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தார் வருகின்றனர். படம் பிடிப்போரும் வருகின்றனர். வரட்டும், வரவேண்டியதே. தோட்டத்துப் பிள்ளையின் கால் போனால் பத்திரிகையின் உட்பக்கத்தில் நாலு வரி.

செய்யவேண்டியது பெருஞ்செலவுள்ள காரியமன்று. கம்பனிகள் தம் எல்லையோரப் பாதைகளை விடியற்காலையில் ஆளனுப்பிப் பார்க்கலாம். கொழுந்து நிறுக்க ஆளிருக்கும்போது இதற்கு ஆளில்லை என்பது பொருந்தாது. சம்பளப் பேச்சில் மேசையைத் தட்டும் தொழிற்சங்கத் தலைவர்கள் இதையும் அம்மேசையில் வைக்கலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் கம்பியும் வெடியும் எப்படி இருக்கும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்லவேண்டும் என்பதைப் பிள்ளைக் காம்பரா முதற்கொண்டே பழக்கலாம். குடியிருப்புக்குக் காணியுறுதியும், பயிரைச் சுற்றி வேலியிட உதவியும் கிடைத்தால் லயத்தில் வெடி உருட்டும் கை பாதியாவது ஓயும். அரசாங்கமோ, பூட்டாத துவக்கால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் உடையவனே பொறுப்பென்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கவேண்டும்.

அதுவரையிலும் காத்திராமல் மாவட்டச் செயலகம் இன்றே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. துவக்குக்குரிய அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வருபவரிடம் பணத்தையும் பத்திரத்தையும் கேட்கும் அதிகாரி, துவக்கு எந்தப் பெட்டியில் இருக்கின்றது, தோட்டா எந்தப் பெட்டியில் இருக்கின்றது, இரண்டு பூட்டின் சாவியும் யார் இடுப்பில் இருக்கின்றன என்று கேட்கட்டும். விடை சொல்லத் தடுமாறுபவரின் வீட்டுக்கு ஒருமுறை நேரிலே போய்ப் பார்க்கட்டும்.