அடுப்பங்கரையில் காற்றுக்கு வழி

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் அடுப்பங்கரையைத் தனியாக, பெரும்பாலும் வீட்டின் பின்கட்டில், புகைபோக்கி வைத்துக் கட்டியிருப்பார்கள். கருவேல் விறகின் புகை கண்ணைக் கரித்தது, சுவரைக் கறுப்பாக்கியது. கண்ணுக்குத் தெரிந்த எதிரி ஆகையால் அது வெளியேற வழி செய்து வைத்தார்கள்.

பிறகு எரிவாயு அடுப்பு வந்தது. 2007-ஆம் ஆண்டில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச இணைப்பும், 2016-இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வாலா திட்டமும் அதை எளிய குடும்பங்களுக்கும் கொண்டு சேர்த்தன. நம் பெண்களின் நுரையீரலுக்குக் கிடைத்த பெரும் விடுதலை இது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டைப் புதுப்பித்த பலர், ‘இனிப் புகை ஏது?’ என்று புகைபோக்கியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள். புகை கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, எரிவது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட அறையில் உள்ள மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். எரிந்த பின் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் அந்த அறையில் கலக்கின்றன. போதிய காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவையே அதன் அடையாளங்கள். பெருநாளுக்கு முன்தினம் தொதல் கிண்டிவிட்டு, ‘சூடு தலைக்கேறிவிட்டது’ என்று படுத்துக்கொள்ளும் சகோதரிகள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அகன்ற சட்டி அடுப்பை முழுவதும் மூடிக்கொள்ள, மணிக்கணக்கில் எரிகிற சுடர் அது. சுடர் நீலமாக இருந்தால் எரிதல் சரி. மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை, அல்லது பர்னர் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

குளிர் மிகுந்த மேல்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் எரிவாயு அடுப்புகளில் ஒரு வகை உண்டு. சுவரைத் துளைத்துச் செல்லும் குழாயின் ஒரு வழியாக வெளிக்காற்றை உள்ளிழுத்து, மற்றொரு வழியாகப் புகையை வெளியே தள்ளிவிடும். அறைக்குள் இருக்கும் காற்றை அது தொடுவதே இல்லை. நம் சமையலடுப்புக்கு அத்தகைய குழாய் கிடையாது. சன்னல்தான் அதன் குழாய். முதியோரின் உளூவுக்கும் குளிப்புக்கும் என்று எரிவாயு வெந்நீர்க் கருவி வாங்குவோர் இதை மறவாமல் கேட்டறிய வேண்டும். சுவர் வழியே வெளிக்காற்றை எடுத்துப் புகையையும் வெளியே விடும் வகை இல்லையென்றால், அதைக் குளியலறைக்கு வெளியேதான் பொருத்த வேண்டும். தாழிட்ட குளியலறைக்குள் அந்தக் கருவி எரிந்து உயிர்கள் போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

‘சன்னலைத் திறந்தால் காற்று அடுப்பை அணைத்துவிடுகிறதே’ என்பார்கள் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள். நியாயமான குறைதான். கச்சான் வீசும் மாதங்களில் சுடர் நிலைத்து நிற்பது அரிது. அணைந்த அடுப்பிலிருந்து வாயு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்; நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் அதைத் தானே நிறுத்தும் அமைப்பு இல்லை. அதற்காக எல்லாச் சன்னலையும் சாத்திவிடலாகாது. காற்று வரும் திசைச் சன்னலைச் சாத்தி, எதிர்த்திசைச் சன்னலைத் திறந்து வையுங்கள். சன்னல் கதவை மேல்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்துச் செய்தால் மேல்பாதி எப்போதும் திறந்திருக்கலாம். அடுப்பைச் சன்னலுக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைப்பது எல்லாவற்றினும் நன்று. புதுவீடு கட்டுவோர் கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேடை கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.

மேலே வழி விட்டால் மட்டும் போதாது. சிலிண்டரில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போல் தரையில் தேங்கும். எனவே தரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும். எலி, பாம்பு வராதிருக்க வலை அடித்துக்கொள்ளலாம். சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவிட்டு மூடி வைப்போர் அந்தக் கதவின் அடிப்பகுதியில் துளைகள் விட வேண்டும்.

ரமலானில் இதற்குத் தனிக் கவனம் தேவை. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அடுப்பங்கரைக்குள் ஸஹருக்காகத் தூக்கக் கலக்கத்தோடு நுழைகிறோம். கை முதலில் தேடுவது மின்விளக்குச் சுவிட்சைத்தான். வாயு தேங்கியிருந்தால் அந்தச் சுவிட்சின் சிறு பொறியே போதும். முதலில் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் விளக்கையும் மின்விசிறியையும் தொடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றி, வெளியே நின்று 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். உறங்கச் செல்லுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்ததைக் கேள்வியுற்று நெருப்பைப் பகை என எச்சரித்ததும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. நமக்கு இன்று அந்த அணைப்பு என்பது அடுப்பின் திருகை மட்டுமன்று, ரெகுலேட்டரையும் மூடுவதாகும்.

இனி உப்புக்காற்று. மதுரையில் பல ஆண்டுகள் தாங்கும் இரும்பு இராமேசுவரத்தில் விரைவிலேயே உதிரத் தொடங்கும். மீன் கழுவிய தண்ணீர் ஓடும் தரையில் சிலிண்டரை வைத்தால் அதன் அடிவளையம் துருவேறும். சற்று உயர்ந்த, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். பர்னரைக் கழுவினால் துளைகளில் ஈரமின்றி உலர்த்தி மாட்டுங்கள். பச்சை படிந்த பித்தளைத் துளைகளை ஊசியால் மெல்லக் குத்தி எடுத்தால் போதும், அகலப்படுத்திவிடாதீர்கள். ரப்பர்க் குழாயின் ஆயுள் ஐந்தாண்டு. அதன் மேல் தேதி அச்சிட்டிருக்கும். வெடிப்புக் கண்டால் தேதிக்குக் காத்திராமல் மாற்றிவிட வேண்டும். கசிவு உண்டா என்று அறியச் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சியைக் கொண்டுபோகாதீர்கள்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண்கள் ஆண்டைக் குறிக்கும். அடுத்த பரிசோதனைக்குரிய காலம் அது. கடந்துவிட்டிருந்தால் அந்தச் சிலிண்டரை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். ஆண்கள் சபரில் இருக்கும் வீடுகளில் சிலிண்டரை வாங்கி வைப்பவர் பெண்கள்தாம். கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே எழுத்தைப் படித்துப் பார்ப்பதிலும், மூடியைத் திறந்து கசிவைச் சோதித்துக் காட்டச் சொல்வதிலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. வழுதூர் மின்நிலையம் நம் மாவட்டத்து நிலத்தடி இயற்கை எரிவாயுவை நம்பியே அமைக்கப்பட்டது. அத்தகைய வாயு குழாய் வழியே வீட்டுக்கு வந்தால் அதன் குணம் வேறு. அது காற்றைவிட இலேசானது; கசிந்தால் கூரையடியில் சேரும். அங்கே தரைத் திறப்பு உதவாது, மேல்திறப்பே வேண்டும். பழைய அடுப்பை அப்படியே அதில் இணைக்கவும் கூடாது. வாயு வரும் நுண்துளைத் திருகை அதற்கு உரியவரைக் கொண்டு மாற்றிய பின்னரே பற்றவைக்க வேண்டும்.