கருங்கோழியும் கறுத்த எண்ணங்களும்

திருவண்ணாமலையில் நாம் வாழும் தெருவில், கணவரை இழந்த பெண்மணி ஒருவர் வீட்டுப் பின்கட்டில் ஆறு கோழிகள் வளர்த்து வந்தார். ஆஸ்ட்ரலார்ப் என்னும் இனம். மேனி முழுதும் கறுப்பு. வெயில் பட்டால் பச்சை ஒளி வீசும். கூப்பிட்டால் காலடியில் வந்து நிற்கும். குழந்தைகள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாலும் திமிறுவதில்லை. முட்டை விற்ற காசில் மகளின் பள்ளிச் செலவு நடந்து வந்தது.

சமுதாயத்தில் மதிப்புடைய பெரியவர் ஒருவர் அவ்வீட்டு வாசலில் நின்று, "இத்தா கழிந்த வீட்டில் கருங்கோழி ஆகாதம்மா, முஸீபத்து வரும்" என்று கூறிச் சென்றார். அஞ்சிப்போன அப்பெண்மணி அடுத்த வாரமே ஆறையும் விற்றுவிட்டார். வாங்கியவர் யார் தெரியுமா? தாயத்து எழுதிச் செய்வினை எடுப்பதாகச் சொல்லிப் பிழைக்கும் ஒருவர்! சந்தை விலைக்கு மேலேயே கொடுத்தாராம். ஒருவர் அச்சத்தை விதைத்தார். மற்றவர் அறுவடை செய்தார். இருவரும் கூடிப் பேசிச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. கூடிப் பேசாமலே இப்படி நடப்பதுதான் இன்னும் கொடுமை.

அரபு மொழியில் பறவைக்குத் 'தய்ர்' என்று பெயர். சகுனம் பார்ப்பதற்குத் 'தியரா' என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அறியாமைக் காலத்து அரபியர் பயணம் புறப்படுமுன் பறவையை விரட்டிப் பார்ப்பார்கள்; வலப்புறம் பறந்தால் செல்வார்கள், இடப்புறம் பறந்தால் திரும்பிவிடுவார்கள். கறுத்த காக்கையைக் கண்டாலோ பிரிவின் தூதன் வந்துவிட்டதென்று நடுங்குவார்கள். காக்கைக்கு 'குராப்' என்று பெயர். அந்நிய மண்ணில் தவிப்பதற்கு 'குர்பத்' என்று பெயர். ஒலி ஒத்ததனால் விதியும் ஒத்ததென்று கருதினார்கள்! அந்தத் தியராவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லை என்று மறுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அபூதாவூதில் வரும் அறிவிப்போ அதை ஷிர்க்கென்றே கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மக்கத்து மணலில் புதைக்கப்பட்டதைத் தோண்டியெடுத்துத் திருவண்ணாமலைத் தெருவில் ஒரு விதவையின் தலையில் சுமத்துவது எந்தக் கிதாபில் உள்ளது?

தாயத்துக்காரரைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. குறி சொல்பவன் பெறும் கூலி தடுக்கப்பட்டது என்பதும், அவனிடம் சென்று கேட்பவனுக்கு நாற்பது இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்பதும் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளே அறிந்தவை. கருங்கோழி கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுக.

இனி அந்தப் பறவையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இங்கிலாந்தில் கெண்ட் மாநிலத்து ஆர்பிங்டன் என்னும் ஊரில் வில்லியம் குக் என்பவர் 1886இல் ஒரு கறுப்புக் கோழியினத்தை உருவாக்கினார். அது ஆஸ்திரேலியா சென்று, அங்குள்ளோர் முட்டைக்கென்றே தெரிந்தெடுத்து வளர்த்ததில் இவ்வினம் பிறந்தது. இரண்டு பெயர்களும் ஒட்டி ஆஸ்ட்ரலார்ப் ஆயிற்று. 1922-23இல் அங்கு நடந்த போட்டியில் ஆறு கோழிகள் 365 நாளில் 1857 முட்டைகள் இட்டன. கோழி ஒன்றுக்கு 309க்கு மேல்! நம் வீட்டுப் பின்கட்டில் அவ்வளவை எதிர்பார்ப்பது பேராசை. ஆயினும் நம் அண்டை மாநிலத்தில், மண்ணுத்தியில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் இவ்வினத்தையும் வெள்ளை லெகார்னையும் கலந்து 'கிராமலட்சுமி' என்னும் புறக்கடைக் கோழியை ஆக்கியிருக்கிறார்கள். அவர்கள் கறுப்பைக் கண்டு அஞ்சவில்லை.

அடுத்து, சற்றே படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம். அதற்கு நாம் மரியாதையோடு விடை கூற வேண்டும். வீட்டுக்கோழி அசுத்தத்தைக் கொத்தித் தின்கிறது, ஆகவே அது 'ஜல்லாலா', அதன் முட்டை வெறுக்கத்தக்கது என்கிறார்கள். சட்டம் உண்மை, பொருத்தியது பிழை. அசுத்தத்தையே பெரிதும் தின்று அதன் வாடை இறைச்சியில் ஏறிய பிராணியைப் பற்றித்தான் ஷாஃபிஈ அறிஞர்கள் பேசுகிறார்கள். அங்கும் அது மக்ரூஹ் என்பதே இமாம் நவவீ அவர்களின் முடிவு. இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்துவைத்துப் பின்னர் உண்டார்கள். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில், திரியும் கோழி வாய் வைத்த நீர் மக்ரூஹ் என்று சொன்ன இடத்திலேயே, அசுத்தத்தில் அலகு எட்டாதபடி அடைத்து வளர்த்த கோழிக்கு அது இல்லை என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பாதியை ஓதிவிட்டுக் கிதாபை மூடுவது ஆலிமுக்கு அழகன்று. வலைக்கூண்டு ஒன்று அமைத்து, கம்பும் குருணையும் இட்டு, பழம்பானையில் சாணமும் கந்தைச் சாக்கும் வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடித்துக் கொடுத்தால் ஜல்லாலா எங்கிருந்து வரும்?

இதே ஆட்சேபக்காரர் கடையிலிருந்து அட்டை அட்டையாக முட்டை வாங்குகிறார். அது என்ன தின்று இட்டது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதை நடுவணரசு 2019இல் தடைசெய்ய நேர்ந்ததே, ஏன்? கூண்டுப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் எழுதிக்கொண்டிருக்கும் இம்முழுத்தாளின் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க இயலாது. பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண் தண்டனைக்குள்ளான செய்தியை மிம்பரில் கேட்டுக் கண்கலங்கியவர்கள் நாம். நாமக்கல் பக்கத்து உழைப்பாளிகளை நாம் பழிக்கவில்லை. மலிவு முட்டை கேட்கும் நம் நாவுக்காகவே அக்கூண்டுகள் நிற்கின்றன.

கோழி வளர்ப்பு ஏழ்மையின் அடையாளம் என்று வெட்குவோரும் உண்டு. 2024இல் நம் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டதாம், ஆகவே கூடாதாம்! செல்வர்கள் ஆடு வளர்க்கவும் ஏழைகள் கோழி வளர்க்கவும் ஏவப்பட்டதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளரை ஹதீஸ் கலை வல்லார் பொய்யரென ஒதுக்கியிருப்பதால், நமக்குச் சாதகமாயினும் அதை நாம் ஆதாரமாகக் கொள்வதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோழியிறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா (ரலி) அறிவித்ததே நமக்குப் போதும். பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், தம் ஹயவான் நூலில் சேவலுக்கும் நாய்க்கும் எது சிறந்ததென்ற வழக்கைப் பல நூறு பக்கம் நடத்தினார். அவருக்கு அதில் வெட்கம் தோன்றவில்லை.

ஒரு குறையை மட்டும் நாம் ஒப்புக்கொள்கிறோம். அண்டை வீட்டார் உரிமை பெரியது. முட்டையும் தொடாத குடும்பங்கள் நம்மைச் சூழ வாழும் கோயில் நகரம் இது. கோழி அவர்கள் வாசலை மிதிப்பதும், எச்சம் நாறுவதும் நம் குற்றமே. கூண்டை நாள்தோறும் கூட்டிச் சாம்பல் தூவுக. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சேவலின்றி இட்ட முட்டையும் ஹலாலே. கூவும் சேவலை ஏசலாகாது என்று ஹதீஸ் இருக்கிறது. ஆனால் நெருங்கிய தெருவில் சேவல் வளர்த்தே தீர வேண்டும் என்று ஹதீஸ் இல்லை. கறுப்பு மேனி சித்திரை வெயிலைத் தாங்காது. நிழலும் மண்சட்டியில் குளிர்ந்த நீரும் வேண்டும். கோழிக்கழிச்சல் நோய்க்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து போட்டுவிட வேண்டும். இவற்றை அந்தப் பெரியவர் சொல்லியிருந்தால் அவர் கையை முத்தமிட்டிருப்போம்.

அப்பெண்மணிக்கு இரண்டு குஞ்சுகள் வாங்கிக் கொடுக்கத் தெருவார் சிலர் முன்வந்துள்ளனர். இரண்டும் கறுப்பே. இது தகாதென்று கருதுவோர் குர்ஆனிலிருந்தோ ஹதீஸிலிருந்தோ ஆதாரம் காட்டி எழுதட்டும், இப்பக்கங்களிலேயே விடையளிப்போம்.